மஞ்சள் ஓரமா, செவப்பு ஓரமா?



சென்னையிலிருந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிற நண்பர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "லைட்டுக்கு வர்ற பூச்சியையெல்லாம் போட்டோ எடுத்து நோட்டுல எழுதி வைக்கிறீங்களே, அதுல உங்களுக்கு என்ன லாபம்?" நல்ல கேள்வி. எங்க ஊர்லயும் இதையேதான் கேட்கிறாங்க, கொஞ்சம் வேற மாதிரி: "இந்த ஆளுக்கு வேற வேலை இல்லையா?" ரெண்டு பேருக்கும் சேர்த்து இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். அந்துன்னா உங்களுக்கு அரிசி டப்பாவைத் திறந்தா பறக்குற சின்னப் பூச்சிதான் ஞாபகம் வரும். எங்களுக்கும் நெல் மூட்டையில விழுறதுதான் அந்து. ஆனா அது அந்தப் பெரிய குடும்பத்துல ஒரு சின்ன சாதி. நீங்க முகூர்த்தத்துக்கு எடுக்கிற ஆரணிப் பட்டும் ஒரு அந்துப்பூச்சியோட புழு நூத்த நூல்தான். எங்க வீட்டுப் பின்னாடி இருக்கிற பப்பாளிப் பூவுக்கு ராத்திரியில வந்து தேன் குடிக்கிற பருந்து அந்துவும் இதே குடும்பம்தான். வண்ணத்துப்பூச்சி இந்தியாவுல சுமார் 1,300 வகைக்கு மேல இருக்குன்னா, அந்துப்பூச்சி 10,000 வகைக்கு மேல. உலகம் பூரா எடுத்தா 1,60,000 வகைன்னு சொல்றாங்க. இதுல பயிரைக் கெடுக்கிறது கை விட்டு எண்ணுற அளவுதான். மத்ததெல்லாம் அது பாட்டுக்கு எதையோ தின்னுட்டு, பல்லிக்கும் வௌவாலுக்கும் குருவிக்கும் தீனியாகிட்டுப் போகுது.

சிக்கல் எங்கன்னா, கெடுக்கிறதும் கெடுக்காததும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதுலதான். அதுக்குத்தான் நோட்டு.

எங்க அவலூர்பேட்டைப் பக்கம் மானாவாரிக் கொல்லையில மல்லாட்டைதான் முக்கியம். மல்லாட்டைன்னா வேர்க்கடலை. தென்னாற்காடு, வடாற்காடு ரெண்டு ஜில்லாவுலயும் இதான் பேரு. ஆடி மழைக்கு விதை போடுவோம். பெஞ்சா உண்டு, இல்லன்னா இல்லை. விதைச்சு செடி தலை தூக்குற நேரத்துலதான் கம்பளிப்பூச்சி வரும். புத்தகத்துல 'சிவப்புக் கம்பளிப்புழு'ன்னு போட்டிருப்பாங்க. உடம்பெல்லாம் செம்பட்டை முடி. சின்னதுல ஒரே இலையில கூட்டமா உட்கார்ந்து சுரண்டும். கொஞ்சம் வளர்ந்ததும் ஊர்வலம் கிளம்பிடும். இந்தக் கொல்லையை மொட்டை அடிச்சிட்டு வரப்பு ஏறி அடுத்த கொல்லைக்குப் போகும். சாயந்திரம் பச்சையா இருந்த அரைக்காணி, விடிஞ்சு பார்த்தா குச்சி குச்சியா நிக்கும்.

இந்தப் புழுவோட தாய்ப்பூச்சி எப்படி வருதுன்னு தெரிஞ்சாதான் மிச்சம் புரியும். போன வருஷம் தின்னு வளர்ந்த புழு வரப்போரம், மரத்தடி மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழுவாத் தூங்கிடும். ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல, கிட்டத்தட்ட பத்து மாசம். மண்ணு நல்லா நனையுற மாதிரி ஒரு மழை பெஞ்சதும் அதுக்கு முழிப்பு வரும். மழைக்கு அடுத்தடுத்த ராத்திரியில கூட்டம் கூட்டமா வெளியே வந்து லைட்டைத் தேடும். பொட்டைப்பூச்சி இலைக்கு அடியில நூத்துக்கணக்குல முட்டையைக் குவியலா வெச்சிடும். ரெண்டு மூணு நாள்ல பொரிச்சிடும். வருஷத்துக்கு ஒரே ஒரு தலைமுறைதான். அந்த நாலஞ்சு ராத்திரியை விட்டுட்டா, அப்புறம் ஒரு மாசத்துக்கு மேல புழுவோட மல்லுக்கட்டணும். வளர்ந்த கம்பளிப்பூச்சி மருந்துக்கும் லேசுல சாகாது. முடி அப்படி.

அப்ப லைட்டுல வந்து உட்கார்ந்திருக்கிற வெள்ளைப் பூச்சி இதுதானான்னு அன்னைக்கு ராத்திரியே தெரிஞ்சாகணும். இங்கதான் வேலை இருக்கு.

மல்லாட்டைக் கம்பளிப்பூச்சியோட தாய்ப்பூச்சிக்கு முன் இறக்கை வெள்ளை, அதுல பழுப்புக் கோடு ஓடும். இறக்கையோட முன் ஓரத்துல ஒரு மஞ்சள் கோடு இருக்கும். பின் இறக்கை வெள்ளையில கருப்புப் புள்ளி. இதுக்கு விஞ்ஞானப் பேரு ஆம்சாக்டா அல்பிஸ்ட்ரிகா. இதுக்கு ஒரு தம்பி இருக்கு, ஆம்சாக்டா மூரேய். மஞ்சள் இருக்கிற இடத்துல அதுக்குச் செவப்பு. ராஜஸ்தான், குஜராத் பக்கம் கம்பங்கொல்லையைப் பாழ் பண்றது இந்தத் தம்பிதான், அங்க 'காத்ரா'ன்னு பேரு. இவங்களுக்கு ஒரு பங்காளி வேற இருக்கு. வெள்ளை வேட்டிக்குச் செவப்புக் கரை போட்ட மாதிரி இருக்கும். முன்னாடி அதையும் ஆம்சாக்டான்னுதான் எழுதினாங்க, இப்ப அலோவா லாக்டினியான்னு பேர் மாத்திட்டாங்க. மழைக்காலத்துல எங்க ஊர் தெரு விளக்குக்கெல்லாம் சாதாரணமா வரும். அது நம்ம மல்லாட்டையை ஊர்வலமாப் போய் மொட்டை அடிக்கிற சாதி இல்லை.

இது போதாதுன்னு கிரியட்டோனோட்டஸ் கேஞ்சிஸ்னு இன்னொண்ணு. அதுக்கும் வெளுத்த இறக்கைதான், நடுவுல கருப்புக் கீத்து, செவந்த வயிறு. இதை நீங்க வாட்ஸப்புல பார்த்திருப்பீங்க. சில வருஷத்துக்கு முன்னாடி இந்தோனேசியாவுலேர்ந்து ஒரு வீடியோ வந்துச்சு. ஒரு பூச்சி பின்பக்கத்துலேர்ந்து முடி முளைச்ச நாலு குழாயை நீட்டிக்கிட்டு இருக்கும். 'வேற்றுக்கிரகப் பூச்சி'ன்னு எல்லாரும் அனுப்பினாங்க. அது வேற்றுக்கிரகம் இல்லை, எங்க மோட்டார் கொட்டாய்ப் பூச்சிதான். ஆண் பூச்சி பொட்டையை வாசம் காட்டிக் கூப்பிட நீட்டுற குழாய் அது.

ஆக, ஒரே லைட்டுக்கு அடியில நாலு வெள்ளை. தூரத்துலேர்ந்து பார்த்தா நாலும் ஒண்ணுதான்.

மூணு வருஷம் முன்னாடி ஆடியில நடந்ததைச் சொல்றேன். எங்க பெரியம்மாவுக்கு அரை ஏக்கர் மல்லாட்டை. பெரியப்பா இல்லை, பசங்க பெங்களூருல. அந்த அரை ஏக்கர்தான் வருஷத்து எண்ணெய், கைச்செலவு எல்லாம். நல்ல மழை ஒண்ணு பெஞ்ச மறுநாள் ராத்திரி அவங்க திண்ணை லைட்டுல வெள்ளைப் பூச்சி மொய்ச்சிருக்கு. காலையிலேயே மருந்துக் கடைக்குப் போயிட்டாங்க. கடைக்காரர் "கம்பளிப்பூச்சிதாம்மா, இப்பவே அடிச்சிடு"ன்னு ரெண்டு டப்பா எடுத்து வெச்சிட்டார். மருந்து, தெளிக்கிற ஆள் கூலி எல்லாம் சேர்த்து ரெண்டாயிரத்துக்கு மேல ஆகும். கையில காசு இல்லாம என்கிட்ட கேட்க வந்தாங்க.

"காசு தர்றேன் பெரிம்மா. இன்னிக்கி ஒரு ராத்திரி பொறு. நான் வந்து பாக்குறேன்"னேன்.

"நீ பாத்து இன்னாடா பண்ணப் போற? பூச்சிக்கு ஜாதகமா பாக்கப் போற?"

ஜாதகம்தான். அன்னைக்கு ராத்திரி ஏழு மணியிலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் அவங்க வீட்டு வாசல்ல கயித்துல வெள்ளை வேட்டியைக் கட்டி, முன்னாடி குண்டு பல்பைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். வந்த வெள்ளைப் பூச்சி ஒவ்வொண்ணையும் டம்ளரைக் கவுத்துப் பிடிச்சு முன் ஓரம் பார்த்தேன். முப்பத்தொண்ணு வந்துச்சு. இருபத்தாறு செவப்பு ஓரம். மூணு அந்த வாட்ஸப்புப் பூச்சி. மஞ்சள் ஓரம் ரெண்டே ரெண்டு.

செவப்பு ஓரத்துலேயே ரெண்டு சாதி இருக்குன்னு மேலே சொன்னேன் இல்லையா, அதனால அது எல்லாம் சாதுன்னு நான் முடிவு கட்டலை. பூச்சி பேர் பாதி விவரம்தான். மீதி விவரம் இலைக்கு அடியில இருக்கு. அடுத்த மூணு காலையும் நானும் என் வீட்டுக்காரியும் பெரியம்மாவும் வரிசை வரிசையா நடந்து இலையைத் திருப்பிப் பார்த்தோம். 100 மீட்டர் வரிசைக்கு 8 முட்டைக் குவியல் இருந்தா மருந்தைப் பத்தி யோசிக்கணும்னு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல கணக்கு வெச்சிருக்காங்க. எங்களுக்கு அரை ஏக்கர் பூரா சேர்த்து நாலு குவியல் கிடைச்சுது. இலையோட கிள்ளி சோப்புத் தண்ணியில போட்டோம். மருந்து வாங்கலை. பெரியம்மா அந்த வருஷம் ஒழுங்கா மல்லாட்டை எடுத்தாங்க.

அடுத்த வருஷம் தலைகீழ். அதே வீடு, அதே வேட்டி, அதே பல்பு. முதல் ராத்திரியே மஞ்சள் ஓரம் அறுபதைத் தாண்டிடுச்சு. நோட்டைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்துக் கொல்லைக்காரங்க எல்லார்கிட்டயும் போனேன். போன வருஷப் பக்கத்தையும் இந்த வருஷப் பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல காட்டினதும் வேற பேச்சு பேசத் தேவைப்படலை. காஞ்ச தென்னை மட்டை, தட்டு எல்லாம் கொண்டாந்து கொல்லைமேட்டுல அஞ்சாறு இடத்துல ராத்திரி தீ மூட்டினோம். வரப்போரம் எருக்கங்கிளையும் காட்டாமணக்குக் கிளையும் வெட்டிப் போட்டோம். தப்பிப் பொரிச்ச புழு அதுல வந்து ஏறும், அள்ளி அழிச்சிடலாம். ஓரத்துல கால்வாய் மாதிரி பள்ளம் இழுத்தோம். இது எதுவும் நான் கண்டுபிடிச்சது இல்லை, எங்க தாத்தா காலத்து வேலை. ஆனா இது ஒருத்தன் தனியாப் பண்ணினா பிரயோசனம் இல்லை. பத்துக் கொல்லைக்காரனும் ஒரே ராத்திரியில கிளம்பணும். அதுக்கு எல்லாரையும் நம்ப வைக்க ஒரு காகிதம் வேணும். அந்தக் காகிதம்தான் என் நோட்டு.

இது ரெண்டு சாதி ஒண்ணு மாதிரித் தெரியுற கதை. புதுசா வந்த சாதி பழசு மாதிரி வேஷம் போட்ட கதை ஒண்ணு இருக்கு. அது நடந்தது சின்னசேலம் பக்கம். எங்க ஊர்லேர்ந்து தூரம்னாலும் அப்ப கள்ளக்குறிச்சி பூரா எங்க விழுப்புரம் மாவட்டத்துலதான் இருந்துச்சு, 2019-லதான் தனி மாவட்டம் ஆச்சு. அங்க என் மச்சான் மக்காச்சோளம் போடுறவர்.

2018 கடைசியில ஒரு நாள் போன் பண்ணினார். "மாமா, சோளத்துல புரொடீனியா விழுந்திருக்கு. ரெண்டு தடவை அடிச்சிட்டேன். சாவவே மாட்டேங்குது."

புரொடீனியான்னா புகையிலை வெட்டுப்புழு. ஸ்போடாப்டெரா லிட்யூரா. மல்லாட்டை, ஆமணக்கு, மிளகாய் எதையும் விடாது. எங்க எல்லாருக்கும் பழக்கப்பட்ட புழு. ஆனா அது சோளக் குருத்துக்குள்ள போய் ஒளியுறது வழக்கம் இல்லை. நான் சொன்னேன், "மச்சான், புழுவைத் தலைப்பக்கம் ஒரு போட்டோ, வால்பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கிட்ட வெச்சு எடுங்க."

அனுப்பினார். தலையில இங்கிலீஷ் ஒய் எழுத்தைத் தலைகீழாப் போட்ட மாதிரி வெளுத்த கோடு. வால் முடியுற இடத்துக்கு முன்னாடிக் கட்டத்துல நாலு கருப்புப் புள்ளி, தாயக்கட்டத்துல காய் வெச்ச மாதிரி சதுரமா. புரொடீனியாவுக்கு இது ரெண்டும் கிடையாது. அதுக்குக் கழுத்துக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் கருப்புத் திட்டு இருக்கும்.

அதான் அமெரிக்கன் படைப்புழு, ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா. பேர்ல முதல் பாதி ஒண்ணுதான், அவ்வளவு நெருங்கின சொந்தம். அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி, 2016-ல ஆப்பிரிக்காவுக்கு வந்துச்சு. 2018 மே மாசம் கர்நாடகாவுல சிவமொக்கா பக்கம் மக்காச்சோளத்துல இந்தியாவுலேயே முதல்முதலாப் பார்த்தாங்க. தாய்ப்பூச்சி ஒரே ராத்திரியில 100 கிலோமீட்டர் பறக்கும்னு சொல்றாங்க. சில மாசத்துல பெரம்பலூர், அரியலூர், சேலம்னு எங்க பார்த்தாலும் சோளக்காடு சல்லடையாப் போச்சு. அந்த வருஷமே இலங்கைக்கும் போயிடுச்சு. அங்க சேனா படைப்புழுன்னு சொல்றாங்க. இங்க விவசாயிங்களுக்கு அரசு நிவாரணம் கொடுக்கிற அளவுக்கு நஷ்டம்.

இங்க பேர் தெரிஞ்சு என்ன ஆச்சுன்னு கேட்டா, இதான் ஆச்சு. புரொடீனியாவுக்கு இலை மேல தெளிச்சா போதும். படைப்புழு குருத்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டு, மேல மரத்தூள் மாதிரி தன் எச்சத்தையே போட்டு வாசலை அடைச்சிக்கும். இலை மேல எத்தனை டேங்க் அடிச்சாலும் அது மேல படாது. குருத்துக்குள்ள இறங்குற மாதிரி, அதுவும் பயிர் சின்னதா, புழு சின்னதா இருக்கிறப்பவே செய்யணும். என் மச்சான் ரெண்டு தடவை செலவு பண்ணின மருந்து நல்ல மருந்துதான், புழு வேற புழு. அந்த வருஷம் அவருக்கு மூணுல ஒரு பங்கு தப்பிச்சுது. அடுத்த வருஷம் முளைச்ச பத்தாம் நாள்லேர்ந்து தினம் காலையில குருத்தைப் பார்க்க ஆரம்பிச்சார்.

புழுவுலயாவது ஒய் எழுத்து இருக்கு. தாய்ப்பூச்சியா வந்துட்டா இன்னும் கஷ்டம். புரொடீனியா தாய்ப்பூச்சிக்கு இறக்கையில கோலம் போட்ட மாதிரி வெளுத்த கோடு குறுக்கும் நெடுக்கும் ஓடும், அது பரவாயில்லை. படைப்புழுவுல ஆண் பூச்சிக்கு இறக்கை நுனியில ஒரு வெளுத்த திட்டு. பொட்டைக்கு அதுவும் கிடையாது, வெறும் சாம்பல். அந்த மாதிரிச் சாம்பல் பூச்சி ராத்திரி லைட்டுக்கு இருபது சாதி வரும். இனக்கவர்ச்சிப் பொறி வெச்சாலும், படைப்புழுவுக்குன்னு வெச்ச வாசத்துக்கு வேற சாதிப் பூச்சியும் வந்து விழும். விழுந்ததை எல்லாம் எண்ணிப் பயந்துட்டா வீண் செலவு.

அப்புறம் கண்ணால பிரிக்கவே முடியாத சாதியும் இருக்கு. நம்ம புரொடீனியாவுக்கு ஆப்பிரிக்காவுல ஒரு இரட்டைப் பிறவி, லிட்டோராலிஸ்னு பேரு. ரொம்ப காலம் ரெண்டும் ஒண்ணுன்னுதான் நிறைய பேர் நினைச்சிருந்தாங்க. 1960-கள்லதான் ரெண்டும் வேறன்னு நிரூபிச்சாங்க. அது எப்படின்னா, பூச்சியோட வயித்து நுனியை அறுத்து இனப்பெருக்க உறுப்பை மைக்ராஸ்கோப்புல பார்த்து. சாவி பூட்டுக்குச் சேருற மாதிரி ஒவ்வொரு சாதிக்கும் அந்த உறுப்பு வேற வேற வடிவம். இப்ப மரபணுவும் பார்க்கிறாங்க. பெங்களூருவுல தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம்னு ஒண்ணு இருக்கு, இந்த மாதிரி வேலைக்குன்னே.

ரெண்டாத் தெரியுற ஒரே சாதியும் உண்டு. கழனியில சம்பா நெல்லுக்கு வர்ற குருத்துப்பூச்சி அப்படித்தான். பொட்டைக்கு மஞ்சள் இறக்கை, ரெண்டு முன் இறக்கையிலும் நடுவுல மை வெச்ச மாதிரி ஒரு கருப்புப் பொட்டு. ஆண் அதைவிடச் சின்னது, மங்கின பழுப்பு, பொட்டு தெரியாது. லைட்டுல ரெண்டையும் பார்த்துட்டு 'ரெண்டு விதமான பூச்சி விழுந்திருக்கு'ன்னு ரெண்டு மருந்து வாங்கினவங்களை எனக்குத் தெரியும். ரெண்டும் புருஷன் பொண்டாட்டிங்க.

இப்ப, பட்டணத்து நண்பர் கேட்டதுக்கு வர்றேன். நான் நோட்டுல என்ன எழுதுறேன்?

தேதி. மழை பெஞ்சு எத்தனாவது நாள். வளர்பிறையா தேய்பிறையா, ஏன்னா பௌர்ணமிக்கு லைட்டுக்குப் பூச்சி குறைச்சலா வரும், அமாவாசைக்குக் கொட்டும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் அமாவாசை ஊஞ்சலுக்கு உங்க ஊர்லேர்ந்தெல்லாம் பஸ் வருமே, அந்த ராத்திரி எங்க கொல்லையில நான் தூங்குறதில்லை. அடுத்து எத்தனை மணி, என்ன பல்பு. பஞ்சாயத்துல எல்.இ.டி. மாத்தினதுலேர்ந்து தெரு விளக்குக்குப் பூச்சி குறைஞ்சு போச்சு. அதை வெச்சு 'பூச்சியே குறைஞ்சிடுச்சு'ன்னு எழுதிடக் கூடாது, அதனாலதான் பல்பையும் எழுதுறேன். அப்புறம் எது, எத்தனை, பக்கத்துல என்ன பயிர்.

'எது'ங்கிற கட்டத்துலதான் கட்டுப்பாடு வேணும். கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுறது. 'செவப்பு ஓரம், வெள்ளை, 26' அப்படின்னுதான் என் நோட்டுல இருக்கும். எந்தச் செவப்பு ஓரம்னு போட்டோவை மட்டும் வெச்சு நான் பேர் போடுறதில்லை. எனக்கு வேகமாப் பேர் சொல்ற போன் ஆப் இருக்கு, சென்னையில வேலை பார்க்கிற என் பொண்ணு ஏத்திக் கொடுத்துச்சு. அது சொல்றதை ஒரு யோசனையா எடுத்துக்கலாம், தீர்ப்பா எடுத்துக்கக் கூடாது. விஷயம் தெரிஞ்சவங்க பார்த்துட்டு, "பின் இறக்கை தெரியலையே, இனம் வரைக்கும் நிறுத்துங்க, சாதி வேண்டாம்"னு சொல்வாங்க. அப்படி நிறுத்துறவங்க மேலதான் எனக்கு நம்பிக்கை. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதி வெச்சா பின்னாடி ஒருத்தர் வந்து சரி பண்ணலாம். தெரிஞ்ச மாதிரி எழுதிட்டா அது அப்படியே நூறு பேருக்குப் பரவிடும்.

இன்னொரு வழியும் இருக்கு, கொஞ்சம் பொறுமை வேணும். சந்தேகமான புழுவை ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு, துணி கட்டி, தினம் அது தின்ன அதே இலையைப் போட்டு வளர்க்கணும். அடியில கொஞ்சம் ஈரமண். அது கூடு கட்டி, பூச்சியா வெளியே வந்துச்சுன்னா புழு, இலை, பூச்சி மூணுக்கும் ஒரே பக்கத்துல சாட்சி கிடைச்சிடும். என் வீட்டுக்காரிக்குத்தான் கஷ்டம், அடுப்படி அலமாரியில ரெண்டு தட்டு பூச்சி பாட்டில்தான். "பேரப்பிள்ளைக்கு ஹார்லிக்ஸ் போடலாம்னு பாட்டிலைத் திறந்தா முடி முடியா ஒண்ணு எட்டிப் பாக்குது"ன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கு.

இந்த வேலை எங்க ஊர்ப் பைத்தியக்காரத்தனம்னு நினைச்சிடாதீங்க. ஹாம்ப்சன்னு ஒரு வெள்ளைக்காரர், நீலகிரியில டீத் தோட்டம் வைக்க வந்தவர். அங்கதான் அவருக்கு இந்தப் பூச்சிங்க மேல ஆசை வந்துச்சு. கடைசியில இந்தியா, இலங்கை, பர்மா அந்துப்பூச்சிங்களைப் பத்தி 1892-லேர்ந்து 1896 வரைக்கும் நாலு தொகுதி எழுதிட்டார். இன்னைக்கும் பேர் சந்தேகம் வந்தா ஆராய்ச்சி பண்றவங்க அங்கதான் போறாங்க. 1914-ல மெட்ராஸ் அரசாங்க அச்சகத்துல ஃப்ளெட்சர் எழுதின தென்னிந்தியப் பூச்சிகள் புத்தகம் வந்துச்சு. அதுல நம்ம மல்லாட்டைக் கம்பளிப்பூச்சியும் இருக்கு. அவங்க எழுதினது பெரிய ஊர், பெரிய ஜில்லாக் கணக்கு. ஆனா இந்தக் கொல்லையில, இந்த வரப்புக்குப் பக்கத்துல, எந்த மழைக்கு எத்தனாவது நாள் மஞ்சள் ஓரம் வருதுன்னு எந்தத் தொகுதியிலயும் கிடைக்காது. அதை இங்க இருக்கிறவன்தான் எழுதணும். என் நோட்டு ஆறு வருஷத்துக் கணக்கு சொல்றது இதான்: மண்ணு நல்லா நனைஞ்ச மழைக்கு அடுத்த ராத்திரி கொஞ்சம், ரெண்டாவது மூணாவது ராத்திரி உச்சம். தூறல் மழைக்கு அது எந்திரிக்கிறதே இல்லை. மழை ரெண்டு தவணையா வந்தா பூச்சியும் ரெண்டு தவணையா வரும். இப்ப எங்க பக்கம் ஏழெட்டுப் பேர் மழை பெஞ்ச மறுநாள் எனக்குப் போன் பண்றாங்க. "அண்ணா, மஞ்சளா செவப்பா?" அவ்வளவுதான் பேச்சு. 'மஞ்சள்'னா ராத்திரி தீ மூட்ட மட்டை பொறுக்கணும். 'செவப்பு'ன்னா காலையில இலையைத் திருப்பிப் பார்த்தா போதும்.

லாபம் என்னன்னு கேட்டீங்களே நண்பரே, எங்க பெரியம்மாவுக்கு ரெண்டாயிரம். எனக்கு அதுக்கு மேல. தேவையில்லாத மருந்து ஒரு தடவை அடிக்காம விட்டா கொல்லையில சிலந்தி மிஞ்சுது, குளவி மிஞ்சுது, கம்பளிப்பூச்சி முட்டையைத் தின்னுற பூச்சியும் மிஞ்சுது. அதெல்லாம் நமக்குக் கூலி கேட்காம வேலை செய்யுற ஆளுங்க.

உங்களுக்கும் ஒரு வேலை. மாடியில, பால்கனியில, படிக்கட்டு லைட்டுல பூச்சி உட்கார்ந்திருந்தா துடைப்பத்தை எடுக்கிறதுக்கு முன்னாடி போனை எடுங்க. மேலேர்ந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. பக்கத்துல ஒரு ரூபாய்க் காசு வெச்சா அளவு தெரியும். லேசா ஊதினா முன் இறக்கையைக் கொஞ்சம் விலக்கும், பின் இறக்கை நிறம் தெரியும், அதை எடுங்க. தேதியும் தெருவும் எழுதி வைங்க. பேர் உடனே தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க. 2012-லேர்ந்து ஒவ்வொரு வருஷமும் ஜூலை கடைசி வாக்குல உலகம் பூரா அந்துப்பூச்சி வாரம்னு நடத்துறாங்க, நம்ம ஊர்லயும் நிறைய பேர் சேர்றாங்க. உங்க குழந்தைங்களுக்குப் பிடிக்கும்.

இங்க இன்னும் விதை மழை வரலை. விதைக் கடலை உடைச்சு வெச்சாச்சு, கொல்லை ரெண்டு ஓட்டு உழுது போட்டிருக்கு. கோடையில ஆழமா உழுதா மண்ணுக்குள்ள தூங்குற கூட்டுப்புழு மேல வரும், கொக்கும் காக்காயும் பொறுக்கிடும். அதுவும் ஒரு கணக்கு. மழை பெஞ்ச மூணாவது நாள் யாராவது செஞ்சிக் கோட்டை பார்க்க வந்தீங்கன்னா, அப்படியே ராத்திரிக்கு எங்க ஊர்ப் பக்கம் வாங்க. கொல்லையில லைட்டு எரியும், வெள்ளை வேட்டி தொங்கும். டம்ளர் நான் தர்றேன், நீங்க பிடிச்சு ஓரம் பார்த்துச் சொல்லலாம்.